பரதரின் மானும் வள்ளியின் கவணும்

கோடை முற்றிக் காட்டுச் சுனைகள் வற்றும் நாள்களில், மலையடிவார ஊர்களுக்கு அழையா விருந்தினர் வருவதுண்டு. அண்ணாமலையின் அடிவாரத்திலும், திருமலைச் சரிவுகளிலும், முதுமலையை ஒட்டிய சிற்றூர்களிலும் காணும் காட்சி இது. விடியுமுன் வாசல் தெளிக்க எழுந்த பெண்மணி கொல்லைப்புறம் சென்று பார்த்தால், அவரைக் கொடியின் இளந்தளிர்கள் எல்லாம் ஒரே உயரத்திற்குக் கறிக்கப்பட்டிருக்கும். கீரைப் பாத்தி வெறும் தண்டாய் நிற்கும். நேற்றிரவு பாய்ச்சிய நீரின் ஈரம் காயாத மண்ணில், பிளவுபட்ட சிறு குளம்புகளின் சுவடுகள் வேலி வரை சென்று மறைந்திருக்கும். இன்னும் கால்நாழிகை முன்னதாக எழுந்திருந்தால் வந்தவர்களையே கண்டிருக்கலாம். ஒரு கலைமானும் நான்கைந்து பிணைகளும் தலை தூக்கிக் காதுகளை விறைத்து ஒரு கணம் நின்று, மறுகணம் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும்.

அந்தச் சுவடுகளைக் காணும் ஒரே வீட்டில் மூன்று மனங்கள் இருக்கும். மகனுக்கு அது நட்டம். கடன் வாங்கி விதைத்த வேர்க்கடலை முளைவிட்டு இரண்டு இலை விரிக்கும் பருவத்தில் மேயப்பட்டால், அந்தப் போகம் போனதுதான். பேரனுக்கு அது வேடிக்கை. ஒரு குட்டியாவது கிடைத்தால் கயிறு கட்டி வளர்க்கலாம் என்று அவன் நினைப்பான். பாட்டிக்கோ கை கூப்பத் தோன்றும். பரமன் கரத்தில் ஏந்தியது மான். வள்ளிநாயகியை ஈன்றது மான். அது தேடி வந்து நம் வீட்டுத் தளிரை உண்டதென்றால் அதுவும் ஒரு நிவேதனம் அல்லவா என்று அந்த உள்ளம் கேட்கும். நாளை ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வைத்தால் என்ன என்றும் தோன்றும்.

விரட்டுவது பாவமா, வளர்ப்பது புண்ணியமா, ஊட்டுவது தருமமா? மூன்று மனங்களின் இந்த மூன்று கேள்விகளையும் நம் புராணங்கள் எப்போதோ எடுத்துப் பேசியிருக்கின்றன. மானைப் பற்றி அவை சொல்லும் கதைகளை நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம் என்பதே குறை.

தமிழில் மானுக்கு வழங்கிய சொற்களே பல. ஆண் கலை, பெண் பிணை, குட்டி மறி. இனத்தைப் பொறுத்து நவ்வி, உழை, இரலை, புல்வாய் என்று பெயர்கள் விரியும். குட்டியை மறி என்று சொல்லும் மரபைத் தொல்காப்பிய மரபியலே குறிக்கிறது. ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்துப் புதுக்கொம்பு முளைக்கும் புள்ளிமானையும், பிறந்த கொம்பை வாழ்நாள் முழுதும் சுமக்கும் முறுக்குக் கொம்புடைய புல்வாயையும் வேறு வேறு பெயரிட்டு அழைத்த மக்கள், அவற்றை அருகிருந்து பார்த்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும்.

தாருகாவனத்து முனிவர்கள் வேள்வியினின்று எழுப்பி ஏவிய மானைச் சிவபெருமான் தம் கரத்தில் ஏந்திக்கொண்டார் என்பது அன்பர்கள் அறிந்த வரலாறு. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் அந்த மான் அமைந்திருக்கும் விதத்தைச் சற்று நின்று காண வேண்டும். மேல் இடக்கரத்தின் இரண்டு விரல்நுனிகளில் கால் பதித்து, துள்ளும் நிலையில் அது நிற்கும். மார்போடு அணைக்கப்பட்டதும் இல்லை, கைக்குள் இறுக்கப்பட்டதும் இல்லை. சிற்பியின் உள்ளக் கருத்து எதுவாயினும், இனிச் சொல்லப்போகும் பரதரின் கதையைப் படித்தவர்களுக்கு அந்த விரல்நுனிகள் வேறு விதமாகத் தெரியும்.

ஸ்ரீமத் பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தம் பரதரின் சரிதத்தைக் கூறுகிறது. விஷ்ணு புராணத்திலும் இது உண்டு. ரிஷபதேவரின் மூத்த குமாரர் பரதர். அதற்கு முன் அஜநாபம் என்று அழைக்கப்பட்ட இந்த வர்ஷத்திற்குப் பாரதம் என்ற பெயர் அவரால் வந்தது என்கிறது பாகவதம். நெடுங்காலம் நெறி பிறழாது ஆண்டு, ஐந்து புதல்வர்களுக்கும் நாட்டைப் பகிர்ந்தளித்து, கண்டகி நதிக்கரையிலுள்ள புலஹாசிரமத்திற்குச் சென்றார். சாளக்கிராமங்கள் விளையும் புண்ணிய நதி அது. அங்கே தன்னந்தனியாக, மலரும் துளசியும் நீரும் கிழங்கும் கனியும் கொண்டு பகவானை ஆராதித்து வந்தார். அப்போது அவர் உடுத்தியிருந்தது மான்தோல். இந்தச் சிறு குறிப்பைப் பாகவதம் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறது.

ஒருநாள் காலை நீராடி, கரையில் அமர்ந்து பிரணவத்தை ஜபித்துக்கொண்டிருந்தார். நிறைசூல் கொண்ட பிணைமான் ஒன்று தாகத்துடன் தனியே வந்து நீர் பருகிற்று. அந்நேரம் அருகில் ஒரு சிங்கம் முழங்கியது. இயல்பிலேயே மிரண்ட விழியுடைய அந்தப் பிணை, தாகம் தீருமுன்பே ஆற்றைத் தாண்டிப் பாய்ந்தது. பாய்ந்த அதிர்ச்சியில் கரு நழுவி வெள்ளத்தில் விழுந்தது. தாய் அக்கரை சேர்ந்து, ஒரு மலைக்குகையில் விழுந்து மாண்டது. நீரில் அடித்துச் செல்லப்படும் குட்டியைப் பரதர் கண்டார், இறங்கி எடுத்தார், ஆசிரமத்திற்குக் கொண்டுவந்தார்.

இதுவரையில் அவர் செய்ததில் எள்ளளவும் பிழையில்லை. தாயற்ற குட்டி, வெள்ளம், அருகில் வேறு எவருமில்லை. அடைக்கலமாக வந்ததைக் கைவிடுவது பாவம் என்று அவர் எண்ணியதும் சரியே. அரண்மனையையும் ஆட்சியையும் எச்சில் இலைபோல் விட்டு வந்தவரை, ஒரு மான்குட்டி எப்படிப் பிடித்தது என்பதைப் பாகவதம் சொல்லும் முறைதான் கதையின் உயிர். ஒரே நாளில் எதுவும் நிகழவில்லை. முதலில் அதற்குப் புல் தேடிக் கொடுத்தார். பிறகு ஓநாய்க்கு அஞ்சிக் காவல் காத்தார். பிறகு சொறிந்துவிட்டார், தடவிக்கொடுத்தார். தர்ப்பையும் சமித்தும் எடுக்கப் போகும்போது தனியே விடப் பயந்து உடன் அழைத்துச் சென்றார். வழியில் அது இளைத்தால் தோளில் சுமந்தார். யம நியமங்கள் ஒவ்வொன்றாக நழுவின. சில நாள்களில் பூஜையும் நழுவியது.

பூஜைக்கு நடுவில் எழுந்து, குட்டி எங்கே என்று பார்ப்பார். இருக்கிறது என்று கண்டால் மனம் அமைதியாகும். "குழந்தாய், உனக்கு எங்கும் மங்களம் உண்டாகட்டும்" என்று வாழ்த்திவிட்டு வந்து அமர்வார். அவர் பொய்யாகக் கண் மூடி அமர்ந்தால், அது மெல்ல வந்து இளங்கொம்பின் முனையால் அவரைத் தீண்டும். ஹோமத்திற்கு வைத்த தர்ப்பையை வாய் வைத்துக் கெடுக்கும். அவர் அதட்டினால், ரிஷிகுமாரனைப் போல் புலன் ஒடுக்கி ஒரு மூலையில் போய் அமரும். பேரக்குழந்தைகள் வந்துவிட்டால் சந்தியாவந்தனத்தின் நடுவே கண் திறந்து பார்க்கும் தாத்தாக்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் மாலை மான் வரவில்லை. பரதர் புலம்பிய புலம்பல் பல சுலோகங்களாக நீள்கிறது. தரையில் அதன் குளம்புச் சுவடுகளைக் கண்டு, இச்சுவடுகளைத் தாங்க இந்தப் பூமி என்ன தவம் செய்தாளோ என்கிறார். நிலவில் தெரியும் மான் வடிவக் கறையைப் பார்த்து, தாயில்லாத என் குட்டியைச் சந்திரன் இரக்கத்தால் எடுத்து வைத்துக் காக்கிறானோ என்கிறார். உலகையே துறந்தவர் வானத்தைப் பார்த்தாலும் மானைத்தான் காண்கிறார். இறுதிக் காலத்தில், மகன்போல் அருகில் சோகத்துடன் நின்ற அந்த மானையே நினைத்தபடி உயிர் விட்டார், மானாகவே பிறந்தார்.

உபந்நியாசங்களில் பெரும்பாலும் கதை இங்கே நின்றுவிடும். பற்று பொல்லாதது என்று சொல்லி முடிப்பார்கள். பற்றுக்கு ஆளான பரதரின் நிலையை எல்லோரும் பேசுகிறார்கள்; அந்த மானின் நிலையை யாரும் கேட்பதில்லை. ஓநாய்க்கு அஞ்சி ஓடக் கற்றுத்தர வேண்டிய தாய் இல்லை, கூட்டம் இல்லை, மனிதனின் தோளும் மடியும்தான் அது அறிந்த காடு. காவலர் கண் மூடியபின் அது யாரிடம் போயிருக்கும்? பாகவதம் இதைச் சொல்லவில்லை. ஆனால் இன்று மலையடிவாரங்களில் மனிதரை அண்டிப் பழகிய மான்களுக்கு நேர்வது கண்ணுக்குத் தெரிகிறது. நாயைக் கண்டு அவை ஓடத் தயங்குகின்றன. சாலையோரத்தில் யாராவது எதையாவது நீட்டுவார்கள் என்று வந்து நின்று வண்டிச் சக்கரத்தில் விழுகின்றன. திருவண்ணாமலையில் தண்ணீர் தேடி இறங்கும் புள்ளிமான்கள் தெருநாய்களால் கடிபட்டு இறக்கும் செய்தி கோடைதோறும் வருகிறது.

குட்டியைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. புள்ளிமான் பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும். பிறந்த சில நாள்கள் அந்தக் குட்டியால் கூட்டத்தோடு ஓட இயலாது. ஆகவே தாய் அதைப் புதரிலோ உயர்ந்த புல்லிலோ படுக்க வைத்துவிட்டு மேயப் போகும். பால் கொடுக்கும் நேரத்திற்குத் திரும்பி வரும். குட்டி அசையாமல், ஒலி எழுப்பாமல் கிடக்கும். புலியின் கண்ணுக்கும் தப்பிக்க இறைவன் அதற்குக் கொடுத்த காப்பு அது. விறகுக்கோ மாடு தேடியோ போகிறவர்கள் அதைக் கண்டு, "ஐயோ, தாயில்லாக் குட்டி" என்று வாரி எடுத்து வந்துவிடுகிறார்கள். பரதர் எடுத்தது தாய் மாண்ட குட்டியை. இவர்கள் எடுப்பது தாய் தேடும் குட்டியை. வீட்டில் பசும்பால் புகட்டினால் பெரும்பாலும் வயிறு கெட்டு இறக்கும். பிழைத்தாலும் காட்டுக்குத் திரும்ப அறியாது. மேலும், மானைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிபட்டதையோ உண்மையிலேயே தாயை இழந்ததையோ கண்டால், வனத்துறையினருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, நாய்கள் நெருங்காதபடி சற்றுத் தள்ளி நின்று காவல் இருப்பதே செய்யத்தக்கது. கூட்டம் கூடித் தொட்டுத் தடவினால், காயத்தைவிட அச்சமே மானைக் கொன்றுவிடும். துரத்திப் பிடிக்கப்பட்ட மான்கள் புறத்தே காயமின்றியும் தசை சீர்கெட்டு மடிவதைக் கால்நடை மருத்துவர்கள் நன்கறிவர்.

வாழைப்பழமும் பிஸ்கட்டும் நீட்டுவதும் இத்தகையதே. பசுவைப்போல் மானும் நான்கு அறை கொண்ட இரைப்பையில் அசைபோட்டுச் செரிக்கும் உயிர். புல்லுக்கும் தழைக்கும் அமைந்த வயிறு அது. சோறும் மாவுப் பண்டங்களும் அங்கே சென்று புளித்து அமிலமாகி உயிருக்கே உலை வைக்கும். பிரசாதம் கட்டிய பிளாஸ்டிக் பையில் உப்பும் இனிப்பும் ஒட்டியிருந்தால் பையையே மென்று விழுங்கிவிடும். சென்னையில் இறந்த மான்களின் வயிற்றிலிருந்தே பிளாஸ்டிக் எடுக்கப்பட்டிருக்கிறது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அத்தனை தூரமும் நாமம் சொல்லி நடந்துவிட்டு, கையிலிருந்த பையைக் காட்டோரம் எறிந்து வருவதைப் பக்தி என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் மகனின் கேள்வி நிற்கிறது. தோட்டத்தில் புகுந்த மானை விரட்டலாமா? இதற்கு விடை சொல்ல வள்ளியம்மையே இருக்கிறாள்.

கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணத்தில் அவளது பிறப்பு ஒரு மலைச்சிற்றூரின் தோட்டத்தை ஒட்டியே நிகழ்கிறது. காட்பாடியை அடுத்த வள்ளிமலையை அத்தலமாகப் போற்றுவர். தவத்திலிருந்த சிவமுனிவரின் பார்வையால் கருவுற்ற மான், குறமகளிர் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் ஒரு பெண்மகவை ஈன்றது. பார்த்தால் தன் இனத்தைப் போல் இல்லை, அஞ்சி அகன்றுவிட்டது. ஆண்மக்கள் மட்டுமே உடைய வேடர் தலைவன் நம்பி, குழந்தையைக் கண்டு மனைவியிடம் கொண்டுசென்றான். வள்ளிக்குழியில் கிடைத்ததால் வள்ளி என்று பெயர். மானையும் அப்பெயரையும் தமிழ்மனம் பிரித்துப் பார்ப்பதில்லை. திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் பசு லட்சுமியின் சமாதிக்கு அருகில் ஒரு மானுக்கும் சமாதி உண்டு. அந்த மானின் பெயரும் வள்ளிதான்.

பன்னிரண்டு வயதில் அந்தப் பெண்ணைக் குலவழக்கப்படி தினைப்புனம் காக்க அனுப்பினார்கள். உயர்ந்த பரண்மேல் நின்று, கையில் கவண் ஏந்தி, ஆலோலம் பாடி அவள் புனம் காத்தாள். கிளி வரும், மயில் வரும், மானும் வரும். மானின் வயிற்றில் பிறந்தவள், மானைப் புனத்திலிருந்து ஓட்டினாள். இதில் யாரும் குறை கண்டதில்லை. வள்ளி திருமண நாடகம் விடிய விடியப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, வேடனாக வந்த வேலவன் மானைத் தேடுவதாகச் சொல்லி வள்ளியையே மானாக்கிப் பாடும் கட்டம் இன்றும் காதில் ஒலிக்கும். முருகன் வந்து நின்றது, அவள் கடமையாற்றிக்கொண்டிருந்த அந்தப் பரணின் கீழேதான். தினையைப் பறவைக்கும் விலங்கிற்கும் விட்டுக்கொடுத்துவிட்டுத் தவம் செய்யப் போ என்று அவளிடம் எவரும் சொல்லவில்லை.

ஓட்டுவது வேறு, கொல்வது வேறு. ஆலோலமும் கவண்கல்லும் உயிரை வாங்காது. இங்கே வராதே என்று மட்டும் சொல்லும். தமிழ்நாட்டு உழவர்கள் இன்றும் அந்த வழியில்தான் பெரும்பாலும் நிற்கிறார்கள். தகரத்தைத் தட்டி ஓசை எழுப்புகிறார்கள். இரவில் தீ மூட்டிப் பரணில் விழித்திருக்கிறார்கள். கடலைக் காட்டைச் சுற்றிப் பழம்புடவைகளை வேலியாகக் கட்டும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் காற்றில் அசையும் அந்தத் துணிகளைக் கண்டு மானும் பன்றியும் தயங்கி விலகும். வீட்டு மூதாட்டிகள் கட்டிக் கிழிந்த சேலைகள் பயிருக்கும் மானுக்கும் நடுவே காவல் நிற்கின்றன. இதற்கு மாறாக, திருட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சி வேலியிடுவோரும் உண்டு. அதில் மான் மட்டுமா சாகிறது? யானை மடிகிறது, இரவில் நீர் பாய்ச்சப் போன பக்கத்து நிலத்துக்காரரும் மடிகிறார். தளர்ந்து தொங்கும் நைலான் வலையும் ஆகாது. கலைமானின் கொம்பு அதில் சிக்கினால், விடிவதற்குள் திமிறித் திமிறியே உயிர் போய்விடும்.

பரதரின் கதை பாதியில் நிற்கிறது. மானாகப் பிறந்தவருக்குப் பகவத் ஆராதனையின் பயனாக முற்பிறவி நினைவு அழியவில்லை. தாய்மானை விட்டு, பிறந்த காலஞ்சர மலையை விட்டு, மீண்டும் சாளக்கிராமத் தலத்தை நாடி நடந்தார். யாரோடும் சேராமல், உதிர்ந்த சருகும் புல்லும் தின்று, வினை தீரும் நாளை எதிர்நோக்கி, புனித நீரில் உடல் பாதி நனைந்திருக்க மானுடலை நீத்தார். அடுத்து ஆங்கிரச கோத்திரத்து அந்தணர் இல்லத்தில் பிறந்தார். மறுபடியும் எதிலும் சிக்கிவிடக் கூடாதென்று ஊமைபோலும் செவிடர்போலும் மந்தர்போலும் நடந்துகொண்டார். ஜடபரதர் என்று பெயர் வந்தது அதனால்தான். தந்தை எவ்வளவோ முயன்றும் அவருக்குக் காயத்ரி ஏறவில்லை. அல்லது ஏறியதை அவர் காட்டவில்லை. தந்தை மறைந்தபின் மாற்றாந்தாயின் மக்கள் அவருக்கு நொய்யும் தவிடும் பிண்ணாக்கும் அடிப்பிடித்த சோறும் போட்டார்கள். அதையும் அமுதமாக உண்டார். எதற்கும் பயன்படாதவர் என்று முடிவுசெய்து, கடைசியில் வயல் வேலைக்கு அனுப்பினார்கள்.

பிள்ளை வேண்டிப் பத்ரகாளிக்கு நரபலி கொடுக்க முனைந்த கள்வர் தலைவன் ஒருவனின் ஆட்கள், தப்பியோடிய பலியாளைத் தேடி நள்ளிரவில் அலைந்தபோது அவரைக் கண்டார்கள். அவரைக் கட்டி இழுத்துச் சென்றதும், அன்னை தன் திருவுருவத்தினின்று வெடித்துப் புறப்பட்டு அந்தக் கள்வர்களையே அவர்கள் வாளால் மாய்த்ததும், பின்னர் ரஹூகண மன்னனின் பல்லக்கைச் சுமந்தபடி அவர் ஞானம் உரைத்ததும் நெடுங்கதை. அந்த இரவில் ஆட்கள் கண்டபோது ஜடபரதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைப் பாகவதம் ஒரே தொடரில் சொல்கிறது. வயலில் வீராசனமிட்டு அமர்ந்து, மானும் காட்டுப்பன்றியும் பயிரை மேய்ந்துவிடாதபடி காவல் காத்துக்கொண்டிருந்தார்.

ஒரு பிறவியில் மானைத் தோளில் சுமந்தவர். மறுபிறவியில் மானாகவே சருகு தின்றவர். அந்த வயல் வரப்பில், நள்ளிரவு இருளில், தளிர் வாசனைக்கு ஒரு பிணைமான் வந்து நின்றிருக்கும். அதன் பின்னால் அதன் மறியும் நின்றிருக்கும். அவர் அடையாளம் கண்டிருப்பார். கைகளை லேசாகத் தட்டியிருப்பார். இரண்டும் காட்டுக்குள் ஓடியிருக்கும்.